கையொப்பமிட்ட ஆப்லெட்டுக்கும் உலாவி எச்சரிப்பது ஏன்?

கோப்பறை எழுதியது:

வணக்கம். ஆவணங்களில் டிஜிட்டல் கையொப்பம் இடுவதற்காகப் பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஜாவா ஆப்லெட் (வலைப்பக்கத்துக்குள் இயங்கும் சிறு ஜாவா நிரல்) ஒன்றைப் பராமரிக்கும் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. பயனரின் ஸ்மார்ட் கார்டையும் கணினியில் உள்ள கோப்புகளையும் அது தொட வேண்டியிருப்பதால் முழு அனுமதியோடு இயங்குகிறது. இன்றைய உலாவிகள் ஜாவா ப்ளக்-இன்னை ஏற்பதில்லை என்பதால், ஜாவா 8 நிறுவிய கணினிகளில், எட்ஜ் உலாவியின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பயன்முறை வழியாக இதை இயக்கிவருகிறோம். மாற்று ஏற்பாடு ஆயத்தமாகும்வரை கைவிட வழியில்லை.

சிக்கல் இதுதான். ஆப்லெட்டின் நிரல்களைக் கட்டிவைத்த ஜார் கோப்பு ஒன்றே. அதில் உள்ள கையொப்பமும் ஒன்றே. சான்றிதழும் முறையான சான்றளிப்பு நிறுவனத்திடம் வாங்கியதே. ஆயினும் சில கணினிகளில் வெளியீட்டாளர் பெயருடன் நீலக் கேடயச் சின்னம் தாங்கிய சாளரம் வருகிறது. சிலவற்றில் வெளியீட்டாளர் யாரென்று தெரியவில்லை என்று மஞ்சள் முக்கோணத்துடன் எச்சரிக்கை வருகிறது. இன்னும் சிலவற்றில், பாதுகாப்பு அமைப்புகளால் தடுக்கப்பட்டது என்ற செய்தியோடு ஆப்லெட் இயங்காமலே நின்றுவிடுகிறது. பயனர்களிடம், எந்தச் சாளரம் வந்தாலும் பெட்டியில் குறியிட்டு இயக்கு என்பதை அழுத்துமாறு இதுவரை சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த அறிவுரையைத் தொடர எனக்கு மனமில்லை. எல்லாக் கணினிகளிலும் ஜாவாவின் தடையிலிருந்து விலக்குப் பெறும் தளங்களைக் குறிக்கும் விலக்குத் தளப் பட்டியலில் எங்கள் முகவரியைச் சேர்த்துவிடலாம் என்ற யோசனையும் முன்வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன், இந்த எச்சரிக்கை எதைப் பார்த்து எழுகிறது என்பதையும், முறையாக அதைத் தீர்க்கும் வழி எது என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

சாவிக்கொத்து எழுதியது:

முதலில் கையொப்பம் எதைக் காக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். மற்றவை அதிலிருந்து விளங்கும். ஜார் கோப்புக்குக் கையொப்பமிடும்போது, உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பின் ஹாஷ் மதிப்பும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற குறியீடு) மேனிஃபெஸ்ட் என்ற விவரப் பட்டியல் கோப்பில் எழுதப்படுகிறது. அந்த மேனிஃபெஸ்ட்டின் ஹாஷ் மதிப்புகள் எஸ்எஃப் என்ற நீட்சிப் பெயருள்ள இன்னொரு கோப்பில் எழுதப்படுகின்றன. அந்த இரண்டாவது கோப்பின் மீதுதான், கையொப்பமிடுபவர் மட்டுமே வைத்திருக்கும் தனி விசையால் கையொப்பம் இடப்படுகிறது; கையொப்பமும் சான்றிதழ்ச் சங்கிலியும் (ஒன்றை மற்றொன்று உறுதிசெய்யும் சான்றிதழ்களின் வரிசை) சேர்ந்து மூன்றாவது கோப்பில் அமர்கின்றன. எனவே ஒரு வகுப்புக் கோப்பில் ஒரு பைட் மாறினாலும் அது முதல் ஹாஷில் அகப்பட்டுவிடும். மேனிஃபெஸ்ட்டை மாற்றி அதை மறைக்க முயன்றால் இரண்டாவதில் அகப்பட்டுவிடும். இந்தப் பகுதி உறுதியானது. உங்கள் கணினிகளில் தெரியும் வேறுபாடு இங்கிருந்து வருவதாக நான் கருதவில்லை.

வேறுபாடு பெரும்பாலும் சங்கிலியில் இருக்கும். சான்றளிப்பு நிறுவனத்தின் வேர்ச் சான்றிதழ், ஜாவா நம்பும் சான்றிதழ்களின் தொகுப்பான நம்பிக்கைக் கிடங்கில் இருக்கிறது. ஆனால் உங்கள் சான்றிதழில் நேரடியாகக் கையொப்பமிட்டது வேர் அன்று, ஓர் இடைநிலைச் சான்றிதழ். அந்த இடைநிலைச் சான்றிதழ் ஜார் கோப்புக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்க வேண்டும். விசைகளையும் சான்றிதழ்களையும் கையாளும் கீடூல் கருவி கொண்டு சான்றிதழை இறக்குமதி செய்தவர் முழுச் சங்கிலியையும் சேர்க்காமல் கடைநிலைச் சான்றிதழை மட்டும் சேர்த்திருந்தால், கையொப்பமிடும் ஜார்சைனர் கருவி அதை மட்டுமே உள்ளே வைத்திருக்கும். அப்போது ஜாவாவுக்கு வேர்வரை செல்லப் பாதை கிடைப்பதில்லை. பாதை கிடைக்காவிட்டால், சான்றிதழில் எழுதியிருக்கும் பெயரை அது நம்பவும் முடியாது, காட்டவும் முடியாது. வெளியீட்டாளர் தெரியவில்லை என்ற சொற்களுக்குப் பொருள் அதுவே.

கணினிக்குக் கணினி நிலைமை மாறுவதற்குக் கூடுதல் காரணங்களும் உண்டு. பழைய ஜாவா அப்டேட்டுகளில் உள்ள கிடங்கில் பிற்காலத்து வேர்கள் இருக்கமாட்டா. ஜாவா 7 அப்டேட் 10 முதல், ஒவ்வொரு பதிப்பும் தனக்கென ஒரு காலாவதித் தேதியைத் தன்னுள்ளேயே சுமந்து வருகிறது; அந்தத் தேதி கடந்துவிட்டால், ஆப்லெட் குற்றமற்றதாக இருந்தாலும் எச்சரிக்கையின் கடுமை கூடும். ஜாவா கட்டுப்பாட்டுப் பலகத்தில் அமைக்கும் பாதுகாப்பு நிலை நடுத்தரமா உயர்வா என்பதும் முடிவை மாற்றும். ஜாவா 8 அப்டேட் 20-இல் நடுத்தரம் என்ற நிலையே நீக்கப்பட்டது. எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறையைப் பயன்படுத்திய கையொப்பத்தை 2017 ஏப்ரல் வெளியீடுகள் முதல் ஜாவா கையொப்பமாகவே கருதுவதில்லை.

ஊகிப்பதை விடுத்து, ஜார்சைனர் கருவியை வெரிஃபை, வெர்போஸ், சர்ட்ஸ் ஆகிய மூன்று விருப்பங்களுடனும் இயக்கி, வரும் வெளியீட்டை முழுமையாகப் படியுங்கள். சரிபார்க்கப்பட்டது என்ற சொல்லைக் கண்டவுடன் நிறுத்திவிட வேண்டாம். அதற்குக் கீழே வரும் எச்சரிக்கை வரிகளில்தான் செய்தி இருக்கும். சங்கிலி செல்லுமா, கையொப்பமிட்ட நேரத்துக்குச் சான்றான நேரமுத்திரை இருக்கிறதா, எந்த ஹாஷ் முறை, சான்றிதழ் எப்போது முடிகிறது என்பனவற்றை அங்கேயே காணலாம்.

பழைய நிரலாளர் எழுதியது:

சாவிக்கொத்து அவர்கள் சொன்ன தொழில்நுட்ப விளக்கத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அந்த எச்சரிக்கையே பயனற்றது என்பது என் கருத்து. அதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். ஆப்லெட்டை எழுதிய நாங்கள் சான்றிதழுக்குப் பணம் கட்டினோம், ஆண்டுதோறும் புதுப்பித்தோம், புதிய அப்டேட் வரும்போதெல்லாம் மேனிஃபெஸ்ட்டில் புதுப் பண்பு ஒன்றைச் சேர்த்து மறுபடியும் கையொப்பமிட்டோம். இத்தனைக்கும் பிறகு பயனருக்குத் தெரிந்தது என்ன? மீண்டும் ஒரு சாளரம். சான்றிதழ் வாங்கியவருக்கும் வாங்காதவருக்கும் வேறுபாடு ஒரு சின்னத்தின் நிறம் மட்டுமே. பயனர்கள் அதைப் படிப்பதில்லை என்பதை இந்தத் துறையில் இருக்கும் அனைவரும் அறிவோம். கையொப்பம் செல்லுமானால் கேள்வி கேட்காமல் இயக்கியிருக்க வேண்டும். செல்லாவிட்டால் கேள்வி கேட்காமல் தடுத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே பயனரை நிறுத்தியது வடிவமைத்தவர்களின் பொறுப்பைப் பயனரின் தலையில் ஏற்றியதாகும்.

வலைக்காவல் எழுதியது:

பழைய நிரலாளர் அவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கையொப்பம் செல்லுமானால் கேள்வி கேட்காமல் இயக்க வேண்டும் என்ற பாதியை நான் ஏற்க இயலாது. ஏனென்றால், இந்தக் கதையின் மிகப் பெரிய தவறே அந்த எண்ணத்தில்தான் வேர்கொண்டிருக்கிறது. சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

1996 ஜனவரியில் ஜாவாவின் முதல் பதிப்பான ஜேடிகே 1.0 வந்தபோது ஆப்லெட்டுக்குக் கையொப்பம் என்ற ஒன்றே இல்லை. வலையிலிருந்து வந்த நிரல் அனைத்தும் சாண்ட்பாக்ஸ் என்ற அடைப்புக்குள் வைக்கப்பட்டது. கோப்பைத் தொட முடியாது, தான் வந்த சேவையகத்தைத் தவிர வேறெங்கும் இணைய முடியாது. அந்த அடைப்பிலும் ஓட்டைகள் இருந்தன. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ட்ரூ டீன், எட்வர்ட் ஃபெல்டன், டான் வாலக் ஆகியோர் தளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் டிஎன்எஸ் விடைகளைத் திரிப்பதன் மூலம் ஆப்லெட்டை வேறு கணினிகளோடு இணைக்க முடியும் என்று அதே ஆண்டில் காட்டினார்கள். ஆயினும் கொள்கை தெளிவாக இருந்தது: யார் எழுதியிருந்தாலும் நிரல் அடைப்புக்குள்தான் இருக்கும்.

1997-இல் ஜேடிகே 1.1 கையொப்பத்தைக் கொண்டுவந்தது. நம்பப்பட்ட கையொப்பம் இருந்தால் ஆப்லெட்டுக்கு அடைப்பே இல்லை. கணினியில் நிறுவிய மென்பொருளுக்கு உள்ள உரிமை அனைத்தும் அதற்குக் கிடைத்துவிடும். ஒரு கோப்பைப் படிக்க மட்டும் அனுமதி, அச்சிட மட்டும் அனுமதி என்று பிரித்துக் கேட்கும் முறையை நெட்ஸ்கேப் 4 அந்த ஆண்டே தந்தது. 1998 டிசம்பரில் வந்த ஜாவா 2-உம் கொள்கைக் கோப்பின் வழியாக நுண்ணிய அனுமதிகளுக்கு இடம்கொடுத்தது. ஆனால் நடைமுறையில் ப்ளக்-இன் பயனரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: இயக்கலாமா, வேண்டாமா? ஆம் என்றால் எல்லாம், இல்லை என்றால் ஒன்றுமில்லை.

கையொப்பம் இரண்டு செய்திகளைத்தான் சொல்கிறது. இந்த நிரலுக்குப் பொறுப்பேற்றவர் இன்னார். அவர் கையொப்பமிட்ட பிறகு இதில் மாற்றமில்லை. நிரல் நல்லதா, அதில் ஓட்டை இருக்கிறதா, இந்தப் பக்கத்தில் அது இயங்குவது முறையா என்பன பற்றிக் கையொப்பம் வாய் திறப்பதே இல்லை. எச்சரிக்கைச் சாளரமோ, முதல் இரண்டு செய்திகளைக் காட்டிவிட்டு, பயனரிடம் கடைசிக் கேள்விகளுக்கு விடை கேட்கிறது. விடை அறிய அவரிடம் எந்தக் கருவியும் இல்லை.

இது ஏட்டளவு அச்சமன்று. ஃபிரெட் மக்லெய்ன் என்ற நிரலாளர் 1996-இல் விண்டோஸ் 95 கணினியை அணைத்துவிடும் ஆக்டிவ்எக்ஸ் கட்டுப்பாடு (மைக்ரோசாஃப்ட் உலாவிக்குள் இயங்கும் நிரல்) ஒன்றை எழுதி, சான்றளிப்பு நிறுவனமான வெரிசைன் வழங்கிய உண்மையான சான்றிதழால் கையொப்பமிட்டு வலையில் வைத்தார். கையொப்பம் முற்றிலும் செல்லுபடியானது. நிரலோ கணினியை அணைத்தது. அவர் காட்ட விரும்பியதும் அதுவே. 2001 ஜனவரியில், மைக்ரோசாஃப்ட் ஊழியர் என்று பொய் சொன்ன ஒருவருக்கு மைக்ரோசாஃப்ட் பெயரிலேயே இரண்டு சான்றிதழ்களை வெரிசைன் வழங்கிவிட்டது. அவை ரத்துசெய்யப்பட்ட பிறகும், ரத்துப் பட்டியல் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு அவற்றில் இல்லாததால், கணினிகளால் தாமாக அதைக் கண்டறிய முடியவில்லை. அவற்றை அடையாளம் காண்பதற்கென்றே தனியாக ஒரு திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. 2013 மார்ச்சில் திருடப்பட்ட விசையால் கையொப்பமிட்ட தீய ஆப்லெட் ஒன்று பிடிபட்டது. அந்தச் சான்றிதழ் முந்தைய டிசம்பரிலேயே ரத்துசெய்யப்பட்டிருந்தும் ஜாவா அதை ஏற்றுக்கொண்டது. ரத்து நிலையைப் பார்க்கும் அமைப்பு இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருந்ததே காரணம். சில மாதங்கள் கழித்து வந்த ஜாவா 7 அப்டேட் 25-இல்தான் அது இயல்பாக இயக்கப்பட்டது. கையொப்பம் செல்லும் என்பதற்காகக் கேள்வியின்றி இயக்கியிருந்தால், இவை அனைத்திலும் பயனருக்கு மறுப்பதற்கான கடைசி வாய்ப்பும் இருந்திருக்காது.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது, தீய எண்ணமே இல்லாத ஆப்லெட். உங்கள் ஆப்லெட் கோப்புகளைப் படிக்கிறது, ஜாவாஸ்கிரிப்ட் வழியாகக் கட்டளை பெறுகிறது என்று கொள்வோம். அந்த ஜார் கோப்பை எவரும் பதிவிறக்கித் தம் சொந்தப் பக்கத்தில் வைக்கலாம். ஒரு பைட்டும் மாறாததால் கையொப்பம் செல்லுபடியாகவே இருக்கும். சாளரத்தில் உங்கள் பெயர் வரும். உங்கள் பெயரை நம்பிப் பயனர் இயக்குவார். கட்டளை கொடுப்பவர் மட்டும் வேறொருவர். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் செர்ட் என்ற கணினிப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பு மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் 2013-இல், ஆப்லெட்டுக்குக் கையொப்பமிடுவதையே தவிர்க்குமாறு எழுதியதன் பின்னணி இந்தச் சூழல்தான். கையொப்பமிடாத ஆப்லெட் அடைப்புக்குள் இருந்தது. கையொப்பமிட்டது அடைப்பை விட்டு வெளியே நின்றது. பாதுகாப்புக்கென்று வந்த கையொப்பமே ஆபத்தின் அளவைக் கூட்டியது.

எச்சரிக்கைகளை யாரும் படிப்பதில்லை என்பதற்கும் ஒரு சொல். தேவதத்த அகாவே, ஏட்ரியன் போர்ட்டர் ஃபெல்ட் ஆகிய இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 2.5 கோடிக்கும் மேற்பட்ட உலாவி எச்சரிக்கைகளைக் கணக்கில் எடுத்தார்கள். தளத்தின் சான்றிதழ் பற்றிய எஸ்எஸ்எல் எச்சரிக்கையைக் கடந்து சென்றவர்கள் குரோமில் 70.2 விழுக்காடு, ஃபயர்ஃபாக்ஸில் 33 விழுக்காடு. தீநிரல், ஏமாற்றுத் தளம் பற்றிய எச்சரிக்கைகளிலோ இரு உலாவிகளிலும் கடந்து சென்றவர்கள் கால்பங்குக்கும் குறைவு. எச்சரிக்கை எப்போதாவது வந்து, பெரும்பாலும் உண்மையாக இருந்து, எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொன்னால் மக்கள் நின்று கேட்கிறார்கள். ஜாவாவின் சாளரம் நல்ல ஆப்லெட்டுக்கும் தீய ஆப்லெட்டுக்கும் ஏறத்தாழ ஒரே முகத்துடன் வந்தது. பயனரின் அனுபவத்தில் அது எப்போதும் பொய்யாகவே இருந்தது. கேட்காமல் போனதற்கு அவர்களைக் குறைசொல்வது முறையன்று.

பழைய நிரலாளர் எழுதியது:

விரிவான பதிலுக்கு நன்றி. வேறொருவர் தளத்தில் வைத்து இயக்கும் அபாயத்தை நீங்கள் விளக்கியபின், செல்லும் கையொப்பத்தைக் கேள்வியின்றி ஏற்கலாம் என்று வாதாட எனக்கு இடமில்லை. ஆனால் என் கூற்றின் மறுபாதி நிற்கிறது. 2014 ஜனவரியில் வந்த ஜாவா 7 அப்டேட் 51, கையொப்பமில்லாதவற்றையும் தாமே கையொப்பமிட்டுக்கொண்டவற்றையும் உயர் நிலையில் அடியோடு தடுத்தது. பயனரைக் கேட்காமல் தடுத்த அந்த முடிவு பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் காட்டிவந்த எச்சரிக்கைகளைவிட அதிகப் பயன் தந்தது என்பதை ஏற்பீர்கள் என நம்புகிறேன். அதை ஏன் 1998-லேயே செய்யவில்லை என்பதுதான் என் வருத்தம்.

வலைக்காவல் எழுதியது:

ஏற்கிறேன். 2013 ஜனவரியில் சிவிஇ-2013-0422 என்ற எண்ணால் அறியப்படும் ஜாவா பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, கையொப்பமே இல்லாத ஆப்லெட் எந்தச் சாளரமும் காட்டாமல் அடைப்பை உடைத்து வெளியேறியது. அதன்பின் சில நாட்களிலேயே வந்த அப்டேட் 11 இயல்பான பாதுகாப்பு நிலையை நடுத்தரத்திலிருந்து உயர்வுக்கு மாற்றியது. அந்த ஆண்டு முழுவதும் நடந்தவை, பல ஆண்டுகள் தள்ளிப்போட்ட வேலையை அவசரமாகச் செய்ததன் விளைவு. அதனால்தான் உங்களைப் போன்றவர்கள் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மறுபடி கையொப்பமிட நேர்ந்தது. அந்தச் சுமை நியாயமற்றது என்பதில் எனக்கும் ஐயமில்லை.

கோப்பறை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சொன்னபடி சோதித்தேன். சாவிக்கொத்து அவர்கள் ஊகித்ததே நடந்திருக்கிறது: ஜார் கோப்பில் கடைநிலைச் சான்றிதழ் மட்டுமே இருக்கிறது, இடைநிலை இல்லை. வெளியீட்டாளர் பெயர் ஒழுங்காகத் தெரியும் கணினிகளில், முன்பு யாரோ ஜாவா கட்டுப்பாட்டுப் பலகத்தின் வழியாக அந்த இடைநிலைச் சான்றிதழைக் கையால் சேர்த்திருக்கிறார்கள், மற்றவற்றில் சேர்க்கவில்லை. மஞ்சள் முக்கோணம் வரும் கணினிகள் நடுத்தர நிலையில் உள்ள பழைய அப்டேட்டுகளிலும், முற்றாகத் தடுக்கப்படுபவை புதிய அப்டேட்டுகளிலும் இருக்கின்றன. வேறு இரண்டு குறைகளும் தெரியவந்தன: கையொப்பத்தில் நேரமுத்திரை இல்லை, மேனிஃபெஸ்ட்டில், ஆப்லெட் எந்தத் தளத்திலிருந்து இயங்கலாம் என்பதைக் குறிக்கும் கோட்பேஸ் பண்பின் மதிப்பு, எந்தத் தளமும் எனப் பொருள்படும் நட்சத்திரக் குறியாக இருக்கிறது.

வலைக்காவல் அவர்களின் பதிவைப் படித்தபின் அந்த நட்சத்திரக் குறி என்னை அச்சுறுத்துகிறது. எங்கள் ஆப்லெட் செய்வது வெறும் கோப்புப் படிப்பு அன்று. பயனரின் பெயரால் கையொப்பமே இடுகிறது. வேறு எந்தத் தளமும் இதை அழைத்து, கார்டு செருகியிருக்கும் கணினியில் தனக்கு வேண்டிய ஆவணத்தில் கையொப்பம் கேட்கலாம் என்பதுதானே பொருள்? அப்படியானால் எதை முதலில் சரிசெய்வது? விலக்குத் தளப் பட்டியல் பற்றிய யோசனைக்கும் விடை வேண்டும்.

சாவிக்கொத்து எழுதியது:

நீங்கள் புரிந்துகொண்டது சரியே. ஆப்லெட் கடவு எண்ணைக் கேட்கலாம். ஆனால் எந்த ஆவணத்துக்காகக் கேட்கிறது என்பதைக் காட்டாவிட்டால் அந்தத் தடையும் பெரிதாக உதவாது. ஆகவே கோட்பேஸை முதலில் திருத்துங்கள். அதில் உங்கள் சேவையகத்தின் பெயரை மட்டும், எச்டிடிபிஎஸ் என்ற முன்னொட்டுடன் எழுதுங்கள். ஜாவா 7 அப்டேட் 45-இல் வந்த காலர்-அலவபிள்-கோட்பேஸ் பண்பையும் அதே பெயருக்குக் கட்டுப்படுத்துங்கள். ஆப்லெட்டை எந்தத் தளத்தின் ஜாவாஸ்கிரிப்ட் அழைக்கலாம் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. உங்கள் ஆப்லெட் கார்டைத் தொடுவதால் அனுமதி அளவைக் குறிக்கும் பெர்மிஷன்ஸ் பண்பு, முழு அனுமதி எனப் பொருள்படும் ஆல்-பெர்மிஷன்ஸ் என்றே இருக்க வேண்டியிருக்கும். அப்படித் தேவைப்படாதவர்கள் இதைப் படித்தால், கையொப்பமிட்டு சாண்ட்பாக்ஸ் என்று குறிப்பிடுவதே சிறந்தது. அப்போது சாளரமும், நிரல் வரையறுக்கப்பட்ட அணுகலுடன்தான் இயங்கும் என்று மென்மையாகச் சொல்லும்.

அடுத்தது சங்கிலி. சான்றளிப்பு நிறுவனம் தந்த முழுத் தொகுப்பையும் விசைக் கிடங்கில் சேர்த்துவிட்டு மறுபடி கையொப்பமிடுங்கள். கையால் இடைநிலைச் சான்றிதழ் சேர்த்த கணினிகளிலிருந்து அதை நீக்கிவிடுங்கள். அதை விட்டுவைத்தால் அடுத்த முறை இதே குறை நேரும்போது பாதிக் கணினிகளில் மறைந்திருக்கும். கையொப்பமிடும்போதே நேரமுத்திரைச் சேவையகத்தின் முகவரியை டிஎஸ்ஏ (-tsa) விருப்பத்தில் கொடுங்கள். ஜாவா 5 காலத்திலிருந்தே இது உண்டு. ஆனாலும் பலர் விட்டுவிடுகிறார்கள். நேரமுத்திரை இல்லாத கையொப்பம் சான்றிதழ் முடியும் நாளன்று தானும் செல்லாததாகிவிடும். முத்திரை இருந்தால், சான்றிதழ் உயிரோடிருந்த காலத்தில் இடப்பட்டது என்பதற்கு மூன்றாம் தரப்பின் சான்று கிடைக்கிறது.

விலக்குத் தளப் பட்டியலை நான் பரிந்துரைக்கமாட்டேன். அதில் உள்ள தளத்திலிருந்து வரும் எந்த ஆப்லெட்டும், கையொப்பம் இல்லாவிட்டாலும், தடை நீங்கி எச்சரிக்கைச் சாளரத்துக்கு வந்துவிடும். உங்கள் சேவையகத்தை யாராவது கைப்பற்றினால் அவர் வைக்கும் ஜாருக்கும் அதே சலுகைதான். சாளரமும் மறையாது. எனவே பயனரின் பழக்கம் அப்படியே தொடரும்.

இதற்கென்றே ஜாவா 7 அப்டேட் 40-இல் வந்த, எந்த ஆப்லெட் இயங்கலாம் என்பதை நிர்வாகியே விதிக்கும் 'டிப்ளாய்மென்ட் ரூல் செட்' என்ற விதித்தொகுப்பைப் பயன்படுத்துங்கள். எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றில் விதிகளை எழுதி, அதை ஜாராகக் கட்டி, கையொப்பமிட்டு, நிர்வாகி உரிமையுடன் விண்டோஸ் கோப்புறையின் கீழ் சன், ஜாவா, டிப்ளாய்மென்ட் என்ற வரிசையில் அமைந்த கோப்புறையில் வைக்க வேண்டும். விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் பொருந்துவதே செல்லும். முதல் விதியில் உங்கள் சேவையகத்தின் முகவரியையும் கையொப்பச் சான்றிதழின் ஹாஷையும் சேர்த்தே கொடுத்து, இயக்கு என்று எழுதுங்கள். அதற்குக் கீழே, எல்லாவற்றையும் தடு என்று ஒரே ஒரு விதி. இதன்பின் உங்கள் ஆப்லெட்டுக்கு எந்தச் சாளரமும் வராது; வேறெந்த ஆப்லெட்டும் இயங்காது. பழைய நிரலாளர் அவர்கள் கேட்ட இரண்டு பாதிகளும் இங்கே நிறைவேறுகின்றன. ஆனால் முடிவெடுத்தவர் பயனரும் அல்லர், ஜாவாவும் அல்ல, அந்த ஆப்லெட்டை அறிந்த நிர்வாகி.

இணைப்பாளர் எழுதியது:

நாங்கள் இதே நிலையிலிருந்து, கணினியில் நிறுவும் சிறிய சேவை ஒன்றுக்கு மாறிக்கொண்டிருக்கிறோம். வலைப்பக்கம், அதே கணினியைக் குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் முகவரியில் அந்தச் சேவையை அழைக்கும். சேவை கார்டைத் தொடும். ஜாவா எச்சரிக்கைகள் அனைத்தும் போய்விடுகின்றன. கோப்பறை அவர்களும் நேராக இதற்கே போகலாமே?

வலைக்காவல் எழுதியது:

போகலாம், போகத்தான் வேண்டும். குரோம் 2015-லும், ஃபயர்ஃபாக்ஸ் 2017-இன் 52-ஆம் பதிப்பிலும் ஜாவா ப்ளக்-இன்னைக் கைவிட்டன. 2018-இல் வந்த ஜாவா 11-இல் ப்ளக்-இன்னே இல்லை. எட்ஜின் பழைய பயன்முறையும் குறைந்தது 2029 வரை இருக்கும் என்பதே மைக்ரோசாஃப்ட் தந்திருக்கும் உறுதி.

ஆனால் எச்சரிக்கை போய்விட்டது என்பதால் ஆபத்தும் போய்விட்டது என்று எண்ணிவிட வேண்டாம். லோக்கல்ஹோஸ்டில் காத்திருக்கும் சேவையை, பயனர் திறந்திருக்கும் எந்த வலைப்பக்கமும் அழைத்துப் பார்க்கலாம். வரும் வேண்டுகோள் எந்தத் தளத்துடையது என்று சொல்லும் ஒரிஜின் தலைப்பைச் சேவை தானே சரிபார்த்து, அனுமதித்த தளம் அல்லாத எதையும் மறுக்க வேண்டும். கோட்பேஸ் பண்பு செய்துவந்த வேலை இப்போது உங்கள் நிரலின் பொறுப்பு. மறந்தால் நினைவூட்ட எந்தச் சாளரமும் வராது. இன்னொன்று: லோக்கல்ஹோஸ்டைச் சுட்டும் பெயர் ஒன்றுக்குப் பொதுச் சான்றிதழ் வாங்கி, அதன் தனி விசையையும் மென்பொருளோடு சேர்த்து எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அப்படி அனுப்பிய விசை வெளிப்பட்ட விசையே. சான்றளிப்பு நிறுவனம் அறிந்தால் 24 மணி நேரத்துக்குள் அதை ரத்துசெய்யக் கடமைப்பட்டிருக்கிறது. அந்த நாளில் எல்லாக் கணினிகளும் ஒருசேர நின்றுவிடும்.

உலாவி நீட்சியும், அது உள்ளூர் நிரலோடு பேசுவதற்கான நேட்டிவ் மெசேஜிங்கும் சேர்ந்த வழி இதைவிடக் கட்டுப்பாடானது என்பது என் கணிப்பு. எந்த நீட்சி அந்த உள்ளூர் நிரலை அழைக்கலாம் என்பதும், எந்தத் தளம் அந்த நீட்சியோடு பேசலாம் என்பதும் அமைப்புக் கோப்புகளில் வெளிப்படையாக எழுதப்படுகின்றன; திறந்த போர்ட் ஏதும் இல்லை. எந்த வழியானாலும், கையொப்பமிடும் முன் ஆவணத்தின் பெயரையும் வேண்டும் தளத்தின் பெயரையும் உள்ளூர் நிரலே தன் சாளரத்தில் காட்டட்டும். இந்த ஆவணத்தில் கையொப்பமிடலாமா என்பது பயனர் உண்மையிலேயே விடை சொல்லக்கூடிய கேள்வி. அவரிடம் கேட்க வேண்டியது அதைத்தான்.

கோப்பறை எழுதியது:

இணைப்பாளருக்கும் வலைக்காவலுக்கும் நன்றி. நீட்சி வழியைத் தேர்ந்து வேலையைத் தொடங்க ஒப்புதல் பெற்றுவிட்டேன். அதுவரைக்கான ஏற்பாடாக, கோட்பேஸைக் கட்டுப்படுத்தி, முழுச் சங்கிலியும் நேரமுத்திரையும் சேர்த்துக் கையொப்பமிட்ட ஜார் இன்று சோதனைக் கணினிகளில் எல்லா அப்டேட்டுகளிலும் நீலக் கேடயத்துடன் பெயரைக் காட்டியது. பயனர்களுக்குக் கொடுத்திருந்த பழைய அறிவுரையைத் திரும்பப் பெற்று, மஞ்சள் முக்கோணம் வந்தால் இயக்காமல் எங்களுக்குத் தெரிவிக்குமாறு எழுதியிருக்கிறேன். விதித்தொகுப்பு குறித்து ஒரே ஓர் ஐயம்: அந்த ஜாருக்கு எங்கள் உள்ளகச் சான்றிதழால் கையொப்பமிட்டால் போதுமா?

சாவிக்கொத்து எழுதியது:

போதும், ஆனால் உங்கள் உள்ளக வேர்ச் சான்றிதழ் ஒவ்வொரு கணினியிலும் ஜாவாவின் கையொப்பமிடுவோர் நம்பிக்கைக் கிடங்கில் முன்கூட்டியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விதித்தொகுப்பே செல்லாததாகக் கருதப்பட்டு எல்லா ஆப்லெட்டுகளும் தடுக்கப்படும். எனவே முதலில் வேரைப் பரப்புங்கள். அது சென்று சேர்ந்ததை உறுதிசெய்த பிறகு விதித்தொகுப்பை அனுப்புங்கள். சென்றபின், ஜாவா கட்டுப்பாட்டுப் பலகத்தின் பாதுகாப்புப் பக்கத்தில் செயலில் உள்ள விதித்தொகுப்பைக் காண்பதற்கான இணைப்பு தோன்றும். அது தோன்றாத கணினியில் கோப்புறையின் பெயரை மறுபடி பாருங்கள்.